மீனுக்கு மூன்று ஓலை

ஓய்வுபெற்ற எனக்கு ஒன்றரை அடி உப்புநீர் மீன்தொட்டி வைக்க அனுமதி தந்த என் மனைவி செலின் மேரி, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மீனுங்க அடிச்சிக்கிச்சின்னா, தொட்டில ஊறுகா போட்டுருவேன்."

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை படித்து, தடை உண்டா என்று ஊரையே கேட்பார்கள். மீனுக்கும் அதையே செய்தேன். வில்லியனூர் மீன் கடையில், நான் தேர்ந்தெடுத்த மூன்று மீன்களையும் ஒரே தொட்டியில் விடச் சொல்லி, ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் போய்க் காவல் உட்கார்ந்தேன்.

அதில் நீல டாம்சல் மீன் பேரழகு. அது திரும்பினால் தெருவுக்கே வெளிச்சம். மூன்றாம் ஞாயிறு அது கோமாளி மீனின் வாலைக் கடித்தது.

"இன்னா பெருசு, தடை கீதா?" என்றான் கடைக்காரன் புகழ்வேந்தன்.

"கீதுபா. நீலத்த நிறுத்திக்க."

கோமாளி மீனும், நாளெல்லாம் மணலைத் துப்பும் கோபி மீனும் வீடு வந்தன. ஒரு மாதமாக அவற்றுக்குள் சண்டையே இல்லை. தீனி யார் போடுவது என்று நானும் செலினும்தான் கோயில் மணியே கேட்காத அளவுக்குக் கத்தினோம். சட்டென்று அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவா பேசுங்க. அதுங்க கத்துக்கப் போவுது."