ஹாரன் ரிலே

வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகும் முன்விளக்கு அணைய மாட்டேன் என்கிறது என்று அன்பழகன் அந்த வெளிநாட்டுக் காரை நெல்லித்தோப்புப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, கார் எலக்ட்ரீஷியன் கன்னியப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஊரில் எத்தனையோ எலக்ட்ரீஷியன் இருந்தாலும், தானாக எரிந்து தானாக அணையும் விளக்கைத் தொட்டுப் பார்க்கும் தைரியம் தனக்கு மட்டும்தான் உண்டு என்பது அவன் நினைப்பு. அந்த நினைப்புதான் கெடுத்தது.

கார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் ஷார்லுடையது. அன்பழகன் அவருடைய டிரைவர்; அவரை ‘முசியே’ என்றுதான் சொல்வான்.

"மூணு நாளா காலையில பேட்டரி செத்துக் கெடக்குதுண்ணே. முசியே என்னைத்தான் திட்றாரு, நாந்தான் லைட்ட அணைக்காம வர்றேனாம். சாயங்காலம் கடலூர்ல கல்யாணம். அதுக்குள்ள முடிச்சுக் குடுண்ணே."

கன்னியப்பன் முதலில் சுவிட்சைப் பார்த்தான். சரியாக இருந்தது. இருட்டா வெளிச்சமா என்று பார்த்துச் சொல்லும் சென்சாரைத் துடைத்து, கையால் மூடித் திறந்து பார்த்தான். அதிலும் கோளாறில்லை. பானெட்டைத் திறந்து விளக்கின் ரிலேயைப் பிடுங்கினான். விளக்குக்குப் போகும் கரண்ட்டை விட்டு நிறுத்தும், பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. பட்டென்று விளக்கு அணைந்தது. திருடன் அகப்பட்டான்; உள்ளே முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

புது ரிலே சென்னையிலிருந்து வர ஒரு நாள் ஆகும். பக்கத்திலேயே ஹாரனுக்கு அதே மாதிரி ரிலே ஒன்று இருந்தது. அதைக் கழற்றி விளக்கின் இடத்தில் செருகினான். விளக்கு சொன்னபடி கேட்டது. கெட்டதை ஹாரன் இடத்தில் வைத்தால் ஹாரன் ஓயாமல் அலறும். அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டான்.

சொல்லியிருக்கலாம். "ஹாரன் அடிக்காது, பாத்துப் போ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றைக் கெடுத்தான் என்று ஷார்ல் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே. நாளைக்கே புதுசைப் போட்டுவிடப் போகிறோம், ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டான்.

குடி முழுகியது. அன்று சாயங்காலமே தவளக்குப்பம் மார்க்கெட் அருகே, பூக்கூடையோடு குறுக்கே வந்த செல்வாம்பாளை அந்தக் கார் அடித்துத் தள்ளியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. பின் சீட்டில் இருந்த ஷார்ல், ஹாரன் சத்தமே கேட்கவில்லை என்று போலீசில் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஸ்டேஷன் ஏட்டு, கன்னியப்பனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். கார் வாசலில் நின்றது.

"பதினோரு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வராரு. பேட்டரி ஒயர கழட்டி வச்சிருக்கோம், மாட்டிக் குடு. டிரைவரு ஹாரன அழுத்தினேன், அடிக்கலன்னு ஒரே சாதிப்பா சாதிக்கிறான். அடிக்கட்டும், அப்புறம் இருக்குது அவனுக்கு."

சென்னை பஸ்ஸில் வந்த புது ரிலே கன்னியப்பனின் சட்டைப் பையில் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே என்ன செய்யப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். தெரியாதது போல் தன்னிடமே நடித்துக்கொண்டு வந்தான். பேட்டரி ஒயரை மாட்டினான். டீக்காரனைக் கூப்பிட ஏட்டு அந்தப் பக்கம் திரும்பினார். புது ரிலே ஹாரன் இடத்தில் பிசகாமல் உட்கார்ந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே அது ஆள் மாறிச் சுட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டியரிங்கை அழுத்தினார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்தது. இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

சாவியை ஏட்டின் மேஜையில் வைக்க உள்ளே போனான் கன்னியப்பன். லாக்கப் கம்பிக்குப் பின்னால் அன்பழகன் நின்றிருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நல்லாத்தான அடிக்குது?"

"ம்."

அன்பழகன் தன் உள்ளங்கையையே பார்த்தான். "அழுத்தினேன்னுதான் ராத்திரி பூரா நெனச்சிட்டிருந்தேன். அப்ப நான் அழுத்தவே இல்லியாண்ணே? அந்தப் பொம்பளைய நாந்தான் கொன்னுட்டனா?"

சொல்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியே இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்கவில்லை.

"பதட்டத்துல மறந்திருப்படா," என்றான் கன்னியப்பன்.

அன்பழகன் மெதுவாகத் தலையாட்டினான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டையா," என்று கூப்பிட்டான். "நேத்து நான் சொன்னது தப்புங்க. ஹாரன் அடிக்கலன்னு எழுதினத அடிச்சிடுங்க. நாந்தான் அழுத்தல."