சடகோபன் வீட்டில் இரண்டு போத்தல்

முதல் போத்தல் வெடித்தபோது நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். உடுப்புத் தோய்க்கும் அறையிலிருந்து வந்த சத்தத்தில் கத்தி கையை விட்டுப் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் நிலமெல்லாம் நுரை. கண்ணாடித் துண்டொன்று மரக்கதவில் குத்தி நின்றது, சரியாக என் கழுத்து உயரத்தில்.

அது 1976 மாசி மாதம். நாங்கள் குடியேறியிருந்த கிளென் வேவர்லியில் அப்போது கோடை, மூன்று நாளாக நாற்பது பாகை வெயில்.

என் கணவர் விக்னராஜா ரெயில்வேயில் எஞ்சினியர். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை பியர் மணமே பிடிக்காத மனிதர். இங்கே வந்து வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது, தெருவுக்கு ஒருவர் காய்ச்சினார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் எட்டு ஆண்கள் கெவின் என்ற கிழவருடைய கார் நிறுத்தும் கொட்டகையில் கூடுவார்கள். ஒருமுறை வடை சுட்டு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். ஈஸ்ட்டைப் பற்றி அவர்கள் பிடித்த சண்டையைப் பார்த்தால் எங்கள் ஊர்க் கோயில் நிர்வாக சபை தோற்றுப்போகும்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு இரண்டு போத்தல் கொண்டுவர வேண்டும். கெவினின் தொப்பியில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி, எவருடைய பெயர் கையில் வருகிறதோ அவருடைய போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் குறை நிறை சொல்ல வேண்டும்.

கெவினுடைய இடது கண்ணிமை முழுதாக மூடாது. ஒரு போத்தல் அவருடைய கையிலேயே வெடித்ததாம். மூடி அடைக்குமுன் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சீனி, குவிக்காமல் தட்டையாக. ஈஸ்ட் அதைத் தின்று காற்று உண்டாக்கும். கூடப் போட்டால் போத்தல் வெடித்துவிடும். ஒவ்வொரு கூட்டத்திலும் கெவின் இதைச் சொல்லித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டுவார்.

நுரையில் நின்றபடி நான் போத்தல் பெட்டியில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் அட்டை எழுதிக் கட்டுவது சங்கத்தின் விதி. அவருடைய அழகான ஆங்கில எழுத்தில் இருந்தது: சீனி, போத்தலுக்கு ஒரு கரண்டி, போட்டாயிற்று.

அட்டையை இரண்டாம் முறை வாசித்தேன்.

மூன்று கிழமைக்கு முன் போத்தல்களை நிரப்பிய அன்று நாங்கள் இரண்டு பேரும் கதைக்காமல் இருந்தோம். என் தம்பியை இங்கே கூப்பிடுவதைப் பற்றிய சண்டை. டெலிபோன் அடித்தது, அவர் எழும்பிப் போனார். மூடாத போத்தல்கள் வரிசையாக நின்றன, பக்கத்தில் சீனிப் பேணி. சீனியை மறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் மானம் போய்விடும் அல்லவா? அவருடைய தேத்தண்ணிக்குப் போடுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் குவியலாக ஒரு கரண்டி போட்டேன். அவர் திரும்பி வந்து பேசாமல் மூடி அடைத்தார்.

போன சனிக்கிழமை அதில் இரண்டு போத்தல் சங்கத்துக்குப் போயிற்று. அவை சடகோபனுக்கு விழுந்தன என்று என் கணவர் வந்து சொன்னார்.

சடகோபன் மதராஸ்காரர், படம் வரைகிற வேலை. சங்கத்தில் என் கணவரைத் தவிர ஒரே தமிழர். ஐயங்கார். மனைவி விமலாவிடம் செஸ் விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வருவார். இவர் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, நான் வாய் விடக்கூடாது என்றும் எச்சரித்திருந்தார். அவர்களுக்கு எட்டு மாதக் குழந்தை இருந்தது, கிரிஜா. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை பிளாட். டெலிபோன் இல்லை.

என் கணவருடைய அலுவலகத்துக்கு டெலிபோன் அடித்தேன். தண்டவாள வேலைக்கு வெளியே போய்விட்டாராம், பின்னேரம்தான் வருவாராம். மிச்சப் போத்தல்களின் மேல் ஈரப் போர்வையைத் தூக்கி எறிந்து கதவைச் சாத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

இருபது நிமிட நடை. தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. தூரத்தில் ஒரு கார்க்கதவு அடித்துச் சாத்திய சத்தத்துக்கு நடு றோட்டில் நின்று அழுதுவிட்டேன். சேலையோடு ஓடி வருகிற என்னை ஒரு வெள்ளைக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

விமலா கதவைத் திறந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"வாங்கோ மாமி. என்ன இப்படி வேர்த்துக் கொட்டறது?" என்றாள். அவளைவிட எனக்கு ஆறு வயதுதான் கூட, என்றாலும் மாமிதான்.

"விமலா, பிள்ளையோட முதல் வெளியில வாரும்."

"இந்த வெயில்லயா? இவளைத் தூங்கப் பண்ணணும் மாமி. பதினொரு மணிக்குத் தொட்டில்ல போட்டாத்தான்..."

"உங்கட வீட்டில ரெண்டு பியர் போத்தில் இருக்கு. அது வெடிக்கப் போகுது."

அவள் சிரித்தாள். "எங்காத்துலயா? நீங்க வேற எங்கேயோ வந்துட்டேள்."

"சனிக்கிழமையில அவர் செஸ் விளையாடப் போறதில்லை. என்ர மனிசனோட பியர் காய்ச்சுற சங்கத்துக்குப் போறவர். உமக்குத் தெரியாமல் எங்கையோ ஒளிச்சு வைச்சிருக்கிறார். எங்க வைச்சிருப்பார்? கெதியாச் சொல்லும்!"

அவளுடைய முகம் கறுத்தது. புருஷன் பொய் சொன்னதில் அவள் நின்றுவிட்டாள். எனக்கோ அதற்கெல்லாம் நேரமில்லை. தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். பிளாட்டுக்கு முன்னால் இருந்த மரத்தடியில் அவளையும் குழந்தையையும் நிறுத்தினேன்.

"படுக்கையறைல... தொட்டிலுக்கு அடியில ஒரு சூட்கேஸ் இருக்கு," என்றாள் மெதுவாக. "காலேஜ் புஸ்தகம்னு சொன்னார். நான் அதைத் தொடறதே இல்லை. அங்கதான் வெயில் வராது."

நான் உள்ளே போனேன். ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தும் அறை கொதித்தது. மரத்தொட்டில், அதற்குள் மெத்தை, மெத்தையில் நீல நிறத் துணி யானை. அடியில் பழுப்புச் சூட்கேஸ். முழந்தாளிட்டுக் கையை நீட்டினேன். கைபிடியைத் தொட்டேன். உள்ளே கண்ணாடியும் கண்ணாடியும் மெல்ல உரசின.

அந்தச் சத்தத்தோடு என் தைரியம் எல்லாம் போய்விட்டது. இழுத்து வெளியே எடுத்திருக்க வேண்டும். கெவினின் கண்தான் முன்னால் நின்றது. நான் நாலு காலில் பின்னுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மரத்தடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

"எடுத்தேளா?"

"இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

அதைச் சொல்லி எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஐந்து நிமிடமும் இராது. உள்ளே ஒரு வெடி. அதன் பின்னாலேயே இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிரிஜா வீரிட்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டு பேரும் உள்ளே போனோம். சூட்கேஸின் மேல்மூடி பிளந்து கிடந்தது. தொட்டிலின் அடிப்பலகை உடைந்து, மெத்தையைக் கீழிருந்து கிழித்துக்கொண்டு மூன்று கண்ணாடித் துண்டுகள் மேலே நீட்டி நின்றன. யானையின் பஞ்சு வெளியே வந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

விமலா மெத்தையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்காத்துக்காரர் கவனமாப் பண்ண மாட்டாரா மாமி?"

ஓம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பழி அவர் தலையில் விழுந்திருக்கும், ஆண்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்திருப்பார்கள். சூட்கேஸைத் தொட்டதைவிட அப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவர் சரியாத்தான் செய்தவர்," என்றேன். "நான்தான் ரெண்டாந்தரம் சீனி போட்டனான். கோவத்தில அவரைக் கேக்கேல்லை."

அவள் கதவைக் காட்டிப் போ என்பாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"இந்தாங்கோ, இவளைப் பிடிச்சுக்கோங்கோ," என்றாள். "தரையெல்லாம் கண்ணாடி. நான் பெருக்கணும்."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு விளக்குமாறு எடுக்கப் போனாள். விழுத்திவிடுவேனோ என்று பயந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து கிரிஜாவை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவள் அழுகையை நிறுத்தி, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து என்னைப் பார்த்தாள்.