மஞ்சள் என்றால் சாக்கடைக்கு

குளிர் அறைக் கதவை ராத்திரி முழுக்கத் திறந்துபோட்டது யார் என்று அவள் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. நேற்று மாலை அந்தக் கதவுக்குப் புது ரப்பர் மாட்டியவன் அவள் கணவன்தான். எந்த இயந்திரத்தையும் தட்டிக்கொட்டிச் சரிசெய்துவிடுவான். சாத்துகிற வேலை மட்டும் பிறந்ததிலிருந்தே கைவரவில்லை. வீட்டில் அலமாரி முதல் சோப்பு டப்பா வரை அவன் பின்னாலேயே மூடிக்கொண்டு போவது அவள் தலையெழுத்து.

ரொட்டிக்கடைகளுக்கு ஈஸ்ட் தயாரிக்கும் ஆலை அது. குளிர் அறைத் தொட்டியில் ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்கப்போகும் முன், மீந்த சர்க்கரையைக் கிளைகிளையாகக் கோத்து, கிளைகோஜன் என்ற கட்டுச்சோறாக ஒவ்வொரு செல்லும் உள்ளே முடிந்துவைத்துக்கொள்ளும். குளிர் விட்டால் வந்தது வினை. பசி விழித்துக்கொள்ளும், வெளியே தீனி இருக்காது. உட்கார்ந்த இடத்திலேயே கட்டுச்சோற்றை உடைத்துத் தின்று தீர்த்துவிடும். அப்படி ஓட்டாண்டியான ஈஸ்டைப் போட்டுப் பிசைந்தால் மாவு அசையாமல் கிடக்கும்.

எதற்கெடுத்தாலும் பொரிவதால் மேலாளருக்குக் கடுகு என்று பெயர். அவர் காலையிலேயே பொரிந்துவிட்டார்.

"அயோடின் விட்டுப் பாரும்மா. கிளைகோஜன் இருந்து பழுப்பா வந்தா பொழச்சோம். மஞ்சளாவே நின்னா தொட்டி சாக்கடைக்கு, கதவத் தொறந்து போட்டவன் வீட்டுக்கு!"

யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது.

பரிசோதனை அறையில் அவளுக்குக் கைகால் ஓடவில்லை. தொட்டி ஈஸ்டை இட்டு வெந்நீரில் நிறுத்தியிருந்த சோதனைக் குழாயைக் கிடுக்கியால் எடுத்த கையோடு அயோடினைச் சொட்டினாள். மஞ்சள். குலுக்கினாள். மஞ்சளேதான்.

வாசலில் கணவன் நின்றிருந்தான். அவள் முகத்திலேயே விடை இருந்தது.

"எனக்காக மாத்தி கீத்திச் சொல்லிடாத," என்றான். "உள்ளதச் சொல்லு. நானே போய் அவர்கிட்ட ஒத்துக்கறேன்."

"போங்க! சாத்தத் துப்பில்லாத கைக்குக் கதவு வேலை ஒரு கேடா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான், இந்தக் கதவையும் திறந்துபோட்டுவிட்டு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். இருக்கிற ஒரு நல்ல வேலையும் போகிற நேரத்தில் இப்படியா வாய் நீளவேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்து, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள், வழக்கம்போல.

கழுவுவதற்காகக் குழாயை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே செங்கல் நிறப் பழுப்பு.

குழாயைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. அட அறிவுகெட்டவளே! சூட்டில் அந்த நிறம் ஒளிந்துகொள்ளும், ஆறினால்தான் வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்த பாடம். தினமும் ஆறவிட்டுத்தான் சொட்டுவாள், இன்றைக்குப் பதற்றம் மறக்கடித்துவிட்டது. சந்தேகம் தீர இன்னொரு குழாயைத் தண்ணீரில் ஆறவைத்து அயோடின் விட்டாள். விட்டவுடனே பழுப்பு. பெரிய தொட்டி அல்லவா, ஒரு ராத்திரி கதவு திறந்திருந்தும் அதன் வயிற்றுக்குள் குளிர் அப்படியே நின்றிருக்கிறது.

நடைவழியில் ஓடினாள். கடுகு போனில் யாரிடமோ பொரிந்துகொண்டிருந்ததால் கணவன் இன்னும் அவர் அறைக்கு வெளியேதான் காத்திருந்தான்.

"என்னங்க! பழுப்பு! நான்தான் அவசரக்குடுக்கை, ஆறவிடாம ஊத்திட்டேன்!"

அவன் குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அறைக்குள் எட்டிப் பார்த்து, "சார், நேத்து கதவத் தொறந்து போட்டது நான்தான்," என்று சொல்லிவிட்டான்.

கடுகு போனை வைத்தார். அவள் குழாயை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு ஏறியது.

"பொழச்சோம்யா," என்றார். "சரி சரி, ரெண்டு பேரும் உள்ள வாங்க. கதவைச் சாத்து."

அவன் சாத்தினான். தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.