கண்கட்டு

எந்த விடை வரவேண்டும் என்று முன்பே தெரிந்துவிட்டால், எவ்வளவு பெரிய யோக்கியன் போட்டாலும் கணக்கு அந்தப் பக்கம்தான் சாயும். அதனால்தான் ஆராய்ச்சியில் கடைசி விடையோடு ரகசியமாக ஓர் எண்ணைக் கூட்டி மறைத்துவிடுவார்கள். வேலை மொத்தமும் முடிந்து, இனி எதையும் தொடமாட்டோம் என்றான பிறகுதான் அவிழ்ப்பது. மதிவதனியும் அஜிதனும் அதற்கு வைத்த பெயர் கண்கட்டு.

கல்லூரியிலிருந்தே கூட்டாளிகள். சில வருடங்களாகக் கேலக்ஸிக் கொத்துகளை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். கொத்துக்குள் கொதிக்கும் வாயு எக்ஸ்ரேயில் ஒளிரும்; அதன் சூடு கொத்தின் எடையைச் சொல்லும். கனத்த கொத்துகள் எத்தனை என்று எண்ணினால், பிரபஞ்சத்தில் பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பது தெரியும். மதிவதனியின் டாக்டர் பட்டம் அந்த ஒற்றை விடையில் இருந்தது. மறைத்த எண்ணோ அஜிதனிடம். "நீயே வெச்சிக்கோ, உன்ன நம்பாம யார நம்பறது?" என்று கொடுத்தவளும் அவள்தான்.

விடுமுறைக்கு இருவரும் ஊருக்கு வந்திருந்தார்கள். பௌர்ணமி கிரிவல நெரிசலில் சுற்றி வளைத்து, வேங்கிக்காலில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் அஜிதன். ஜைன வீட்டுப் பிள்ளை என்று அம்மா அவனுக்காக வெங்காயம் போடாமல் சாம்பார் வைத்திருந்தாள்.

"மதி, ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டிருக்கிற கொத்துங்கள லிஸ்ட்லேர்ந்து தூக்கிடலாம்," என்றான், சோற்றைப் பிசைந்தபடி.

"வாயு கலைஞ்சி, எடை கம்மியா காட்டுதா?"

"ஆமா. தூக்கிட்டா சரியா வந்துடும்."

அவள் கை நின்றது. "எது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"விடைய அவுத்துப் பாத்துட்டியா?"

"பொங்கலப்ப. ஒரே ஒரு தடவ."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு அவன் இதை மாற்றலாம், அதை விடலாம் என்றதற்கெல்லாம் தான் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்த வேலை. அவளையும் அல்லவா கூட வைத்துச் சாய்த்திருக்கிறான்!

"பயமா இருந்துச்சி மதி. எல்லாரும் சொல்ற விடைக்கும் நம்ம விடைக்கும் ஒத்துவரலன்னா யார் வேல குடுப்பா? நம்ம ரெண்டு பேருக்காகவும்தான் பாத்தேன்."

"என்ன சேக்காத." அவள் யோசனை தெளிவாக இருந்தது. "நான் இன்னும் பாக்கல. பொங்கலுக்கு அப்புறம் மாத்துனதெல்லாம் பழையபடி வெச்சி, நானே தனியா முடிக்கிறேன். புது எண்ண வேற யாராவது வெச்சிக்கட்டும். நடந்தத நம்ம ஆராய்ச்சிக் குழுவுக்கு எழுதிடறேன். நீ விலகிக்கோ."

"பேப்பர்லேர்ந்து என் பேர எடுத்துடுவியா?"

"எடுக்காம?"

அவன் முகம் கல்லானது. அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் அஜி, சொல்லாத," என்று எச்சில் கையோடு காதைப் பொத்தினாள்.

அவன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"நம்ம விடை பாயின்ட் ஏழு நாலு," என்றான். "இப்ப உனக்கும் தெரியும்."