கழுத்தோரத்துப் புள்ளி

கொல்லயில் ஊரைச் சேர்ந்த லேகா தினமும் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ரைபோசோம்களைப் படமெடுத்துவந்தாள். 1993ஆம் வருடம் அது. உயிரணுவுக்குள் புரதம் செய்கிற துகள் ரைபோசோம். அதன் சிறிய பாதியில் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்பதே அவளுடைய ஆராய்ச்சி. அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், அது இரண்டு துகள்களை ஜோடியாக இணைத்துவிடும். ஒட்டிய இடமே புரதத்தின் இடம்.

மூன்று வருடத்தில் அறுபது நல்ல ஜோடிகள் கிடைத்தன. அந்தப் பாதிக்குத் தலை, கழுத்து, உடம்பு என்று பகுதிகள் உண்டு; 'தலையின் உச்சி' என்று எழுதிக் கொடுத்தாள். வழிகாட்டி ரெத்தினதாஸ் படித்துவிட்டு, "உச்சியிலதான் இருக்கும்னு நீ மொதல்லயே நம்பிட்டே. விடை தெரியாத ஆளு குறிக்கட்டும்" என்றார்.

விடை தெரியாதவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அமரவிளையில் சைக்கிள் கடை வைத்திருந்த கணவன் மோகனனிடமும் மாமியார் சரசம்மாவிடமும் ஆளுக்கொரு கட்டுக் கண்ணாடித் தாளைக் கொடுத்தாள்.

"படத்துக்க மேல தாள வச்சு, ரெண்டும் ஒட்டுத இடத்துல ஒரு புள்ளி வைக்கணும். எங்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது. ஒருத்தரு வச்சத மத்தவரு பாக்கவும் செய்யப்பிடாது."

சரசம்மா ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "தலையும் உடம்பும் உண்டு மக்கா. கையும் காலும்தான் இல்ல."

லேகா அடுக்களைக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு அவித்தாள். உப்பை இரண்டு முறை போட்டாள்.

மாலையில் இருவர் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். உச்சியில் நான்கே நான்கு; ஐந்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஐம்பத்தொரு ஜோடிகளில் இருவருமே தலைக்குக் கீழே, கழுத்தோரத்தில் புள்ளி வைத்திருந்தார்கள். அவள் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். துகள்கள் சாய்ந்து கிடந்ததை அவள் கணக்கில் எடுக்காமல், மேலாக வந்த கழுத்தோரத்தை உச்சி என்று எண்ணிவிட்டிருந்தாள்.

"தப்பாப் போச்சா?" என்று மோகனன் மெதுவாகக் கேட்டான்.

"தப்பு எனக்காக்கும். படம் சரியாத்தான் இருக்கு, சேட்டா. இடம் கெடச்சிட்டு." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. உப்புக் கரித்த மரச்சீனியை மூவரும் மிச்சமில்லாமல் தின்றார்கள்.

திங்கட்கிழமை ரெத்தினதாஸ் எல்லாப் படங்களையும் பார்த்து முடித்து, "இனி எழுது" என்றார்.

அடுத்த வருடம் கட்டுரை அச்சில் வந்தது. நன்றி சொல்லும் பகுதியில் லேகா விரலை வைத்துக் காட்டினாள். சரசம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"மோகனனுக்கு முன்னாலயாக்கும் எம்பேரு" என்று மகனிடம் சொன்னாள்.