தெரிந்த டாக்டர் ஒருவர்

ஒரகடம் கூட்டு ரோட்டில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரியில், சுற்றுவட்டார கிளினிக் டாக்டர்களுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவச் சொற்பொழிவு என்று ஆரம்பித்தவர் டாக்டர் சுகப்பிரியா. திருநெல்வேலிக்காரர். முப்பது வயதுகூட ஆகவில்லை, உற்சாகத்துக்குக் குறைச்சலே இல்லை. நான் அங்கே நர்ஸ். மைக் வைப்பதிலிருந்து பிரியாணி சொல்வதுவரை எல்லாம் என் தலையில்.

இரண்டு கூட்டம் நடந்தது. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். ஒருவராவது ஒரு கேள்வி கேட்க வேண்டுமே! எல்லோருக்கும் வாயில் கொழுக்கட்டை. காரணம் எனக்குத் தெரியும். எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் கிளினிக் வைத்திருப்பவர்கள். ஒருவர் சந்தேகம் கேட்டால், அவருக்கு எது தெரியாது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது கூட்டத்தன்று காலையிலேயே டைரக்டர் பாண்டுரங்கன் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கும் யாரும் வாயத் தொறக்கலன்னா இதோட நிறுத்திடலாம்மா. பிரியாணிக்கு வர்றவங்களுக்கு லெக்சர் எதுக்கு?"

சுகப்பிரியாவின் முகம் வாடிவிட்டது. வாரக்கணக்கில் படித்துத் தயார் செய்திருந்த பெண். எனக்கு டைரக்டர் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைய தலைப்பு, ஷிஃப்ட் தொழிலாளிகளின் சர்க்கரை நோய். அருமையாகப் பேசினார். "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார். ஃபேன் சத்தம்தான் பதில் சொன்னது. டைரக்டர் வாட்சைப் பார்த்தார்.

சுகப்பிரியா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், நம்ம கிட்ட வர்ற கம்பெனிப் பசங்க சில வியாதிய தனக்குன்னு சொல்லவே மாட்டாங்க. 'ரூம்மேட்டுக்குத்தான் டாக்டர், கேட்டுட்டு வரச் சொன்னான்'பாங்க. நாமளும் அந்த ரூம்மேட்டுக்கே மருந்து எழுதிக் கொடுக்கோம். இங்கயும் அப்படியே கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேற டாக்டரோட சந்தேகம்னு கேளுங்க."

அரங்கத்தில் லேசாகச் சிரிப்பு. முதலில் எழுந்தவர் சிங்கப்பெருமாள் கோவிலில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஞானம்மா.

"எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் ஒருத்தங்க கேக்கறாங்க. பசங்க ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்ல. இன்சுலின எப்டி வெச்சிக்கச் சொல்றது?"

"ஈர மண்பானைக்குள்ள ஒரு டப்பால போட்டு வைக்கச் சொல்லுங்க மேடம். சில்லுன்னு இருந்தா போதும்."

அடுத்து எழுந்தவர் வல்லக்கோட்டை டாக்டர் முனிரத்தினம். அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். அவர் எழுந்ததே எங்களுக்கு அதிசயம்.

"எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கீறாரு. ஒரு பையனுக்கு சுகர் மாத்திரைய காலைல எட்டு மணிக்கு, டிபனுக்கு முன்னாடின்னு எழுதிக் குடுத்தாரு. பையன் நைட் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸுலேர்ந்து எறங்கி, மாத்திரைய போட்டுக்கினு, அப்படியே படுத்துடறானாம். எழுந்தா தல சுத்துது, வேர்த்துக் கொட்டுதுன்றான். இன்னா பண்லாம்?"

"சாப்பிடாமலா தூங்குதான்?" சுகப்பிரியாவின் குரல் உயர்ந்தது. "ஆபத்து சார்! சர்க்கரை ரொம்ப இறங்கி தூக்கத்துலயே மயக்கம் ஆயிரும். அவனுக்கு எட்டு மணி காலையே இல்ல. எப்ப சாப்பிட உக்காருதானோ, அப்பதான் மாத்திரை."

முனிரத்தினம் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எதிர்முனையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் கேட்டதும்தான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டேய் தளவாய்! டாக்டர் பேசறேன். எழுந்துருடா! மொதல்ல சர்க்கரைய கரைச்சிக் குடி. அப்பால சோறு துன்னு. நான் தோ வரேன்!"

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்பா," என்றார். "அந்த டாக்டர் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ஞானம்மா மெல்லக் கையைத் தூக்கினார்.

"அந்த லேடி டாக்டரும் நான்தான்."

அவ்வளவுதான், சிரிப்பில் அரங்கமே அதிர்ந்தது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்து மைக் கேட்டார்கள். முனிரத்தினம் வண்டிச் சாவியோடு வாசலுக்கு விரைந்தார். அவர் வெளியேறுவதற்குள் டைரக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச டைரக்டர் ஒருத்தர், இந்தக் கூட்டத்த இன்னியோட நிறுத்திடலாம்னு இருந்தாராம். அவருக்கு என்ன சொல்லலாம், சார்?"

முனிரத்தினம் நிற்கக்கூட இல்லை. போகிறபோக்கில் திரும்பிக் கத்தினார்.

"அவருக்கு ஒரு டோஸ் பத்தாது. மாசாமாசம் குடுங்க!"