ஐம்பத்தேழாம் ஆண்டுச் செவர்லே

அழகரத்தினத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளையே நேராக ஓட்டமாட்டார். ஆரையம்பதிச் சந்தியில் ஒரு மாட்டைக் கண்டால் இறங்கி உருட்டிக்கொண்டு போகிற ஆள். ஆனால் ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கடிலக் காரின் பின்பக்கச் செட்டை ஏன் அவ்வளவு உயரம், பழைய பியூக்கின் ஓரத்தில் ஓட்டைகள் எதற்கு என்று கேட்டுவிட்டால் போதும், தேநீர் ஆறிப் பச்சைத்தண்ணீர் ஆகும்வரை சொல்லுவார். கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

மட்டக்களப்புக் கச்சேரி என்னும் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் அவருக்குக் கிளாக்கர் வேலை. மனைவி இரத்தினம்மா பிள்ளைகுட்டி இல்லாமலே கண்ணை மூடிவிட்டாள். அந்தப் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்குரியது. ஆண் வந்து ஒண்டுகிறவன்தான். அதனால் வீடு இரத்தினம்மாவின் தங்கை அன்னப்பூரணியிடம் போனது. அவள் பொல்லாதவள் அல்ல. முன் அறையை அத்தானே வைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு கண்ணாடி அலுமாரி. அலுமாரிக்குள் உள்ளங்கை அளவில் அமெரிக்கக் கார்கள். தகரமோ பிளாஸ்டிக்கோ அல்ல, உலோகத்தை உருக்கி வார்த்தவை. கையில் எடுத்தால் கனக்கும். கதவு திறக்கும், முன்பக்கப் பொனற் மூடி தூக்கும், ரப்பர் டயர் உருளும். வாவிக்காற்றின் உப்புப் பட்டால் வெள்ளிப்பூச்சு மங்கிவிடும் என்று ஞாயிறுதோறும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். சாமி படத்துக்கு இந்தப் பக்தியில் கால்வாசிகூட இல்லை என்று அன்னப்பூரணி முணுமுணுப்பாள்.

எல்லாம் காத்தான்குடிக் கபூர் மூட்டிவிட்ட வேலை. அப்துல் கபூர் அரபு நாட்டில், டோகாவில், ஒரு பெரிய வீட்டுக்காரரின் சாரதி. வெளிநாடு போவதற்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கக் கச்சேரிக்கு வந்தபோது அலைக்கழிக்காமல் காரியத்தை முடித்துக்கொடுத்தார் அழகரத்தினம். முதல் லீவில் வந்த கபூர் மற்றவர்களைப் போலச் சென்ட் போத்தல் கொண்டுவரவில்லை. சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்தால் இளஞ்சிவப்புக் கடிலக். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். அதன்பிறகு ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கும் ஒரு கார் வரும். காத்தான்குடியில் கபூர் வீட்டு விறாந்தையில் இரண்டு வளர்ந்த ஆண்கள் தரையில் குந்தி, காரை உருட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். கபூரின் மனைவி ஸஹீதா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். வருடத்தில் அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் அழகரத்தினம் மிச்ச நாட்களை ஓட்டினார் என்று சொன்னாலும் பிழையில்லை.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்களிடம் வாயைக் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு சாவு இருக்கும் சொல்ல. தமிழ் ஊரான ஆரையம்பதியின் வேலி முடிகிற இடத்தில் முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் வேலி தொடங்குகிறது. நாசமாய்ப் போன அந்த ஆண்டில் அந்த வேலி கடலாகிவிட்டது. வயல் பார்க்கப் போன கபூரின் தம்பி பிணமாக வந்தான். மண்ணெண்ணெய் வாங்கப் போன அன்னப்பூரணியின் மகன் வரவே இல்லை. யார் செய்தது என்பதற்கு இரண்டு ஊரும் தனித்தனிக் கதை வைத்திருந்தன.

தம்பிக்காகக் கபூர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அழகரத்தினம் வெள்ளை வேட்டியை எடுத்து உடுத்தினார்.

"அத்தான், உங்களுக்கு மண்டை பிசகிப் போச்சா? அங்க போற நேரமா இது?" என்று அன்னப்பூரணி வாசலை மறித்தாள்.

"செத்தவீட்டுக்குப் போகாம இரிக்கேலாது பிள்ள. அவன் எனக்கு உடன்பிறப்பு மாதிரி."

அவள் வழிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவருடன் முகங்கொடுத்துப் பேசவில்லை.

சென்றிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தெருவில் நின்றவர்கள் இவரைப் பார்த்த பார்வையில் முதுகு கூசியது. கபூர் வாசலுக்கு ஓடிவந்து கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் விறாந்தையில் பழைய இடத்திலேயே குந்தினார்கள். என்ன பேசுவது? யார் செய்தது என்று தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

கடைசியில் கபூர்தான் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அடுத்த லீவுக்கு அம்பத்தேழாம் ஆண்டுச் செவர்லே கொண்டு வாறன் அண்ணன். அங்க ஒரு கடையில பாத்து வெச்சிரிக்கன். இனி நான் உங்கட பக்கம் வரேலா. நீங்கதான் இஞ்ச வரணும்."

அழகரத்தினம் தலையாட்டினார். எழுந்தார். படியிறங்கும்போது, எத்தனையோ தடவை அதே படியில் சொன்ன பழக்கத்தில், நாக்கில் சனி வந்து குந்தியது.

"அப்ப போயிட்டு வாறன் கபூர்."

"ஓம் அண்ணன், வாங்க" என்றார் கபூர்.

சென்றியைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. செத்தவீட்டில் யாராவது 'போயிட்டு வாறன்' சொல்லுவார்களா? சொன்னால் அந்த வீட்டில் அடுத்த சாவுக்கும் வருவேன் என்றல்லவா ஆகும்? வாயை மூடிக்கொண்டு எழுந்து போவதுதான் முறை. சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

மற்றவராயிருந்தால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மறந்திருப்பார். இவரால் முடியவில்லை. கபூருக்கும் ஸஹீதாவுக்கும் பிள்ளைகளுக்கும் தன் வாயாலேயே குழி வெட்டிவிட்டதாக நினைத்து நினைத்து வெந்தார். யோசித்து யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தார். மகா புத்திசாலி! அந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும். கபூரின் மூத்த மகளுக்குக் கலியாண வயது. கலியாணத்துக்குச் சொல்லுவார்கள், போகலாம். 'வாறன்' என்ற சொல் நல்லதில் கழிந்துவிடும். அதுவரைக்கும் அந்தப் படியை மிதிக்கவே கூடாது.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கபூர் வந்தார். கச்சேரியில் வேலைசெய்த காத்தான்குடி மஜீட் மேசையருகே வந்து சொன்னார்: "கபூர் வந்திரிக்கான். செவர்லே வந்திட்டாம். வாங்க எண்டு செல்லச் சொன்னான்."

"உடம்புக்குச் சரியில்ல மஜீட். பிறகு பாப்பம்" என்றார் அழகரத்தினம்.

அடுத்த வருடமும் மஜீட் வந்தார். அடுத்த வருடமும் உடம்புக்குச் சரியில்லை. "வருவன் எண்டுதானே செல்லிட்டுப் போனீங்க? அவன் விறாந்தையிலயே இரிக்கான்" என்றார் மஜீட். சொல்லும்போது அவருடைய முகம் பழைய முகமாக இல்லை.

அழகரத்தினம் குனிந்து கடதாசிகளை அடுக்கினார். உண்மையைச் சொல்லலாம். ஆனால் 'உங்கட வீட்டில இன்னொரு சாவு விழுமெண்டு பயம்' என்று எந்த வாயால் சொல்லுவது? ஒருமுறை வாய் தவறியதே போதாதா? ஞாயிறுகளில் அலுமாரியைத் திறந்து, கடிலக்கைத் துடைத்து, பியூக்கைத் துடைத்து, செவர்லேக்கு ஒதுக்கிவைத்த இடத்தையும் துடைத்துவிட்டு மூடினார். அன்னப்பூரணி சோற்றுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். வாரக்கணக்கில் அவருடைய குரலை அவரே கேட்காமல் இருந்த காலமும் உண்டு. மனிதர் தனித்துத்தான் போனார்.

ஒருநாள் மத்தியானம் கச்சேரியில் தலை நிமிர்ந்தால், முக்காட்டை இழுத்துவிட்டபடி ஸஹீதா நின்றாள். மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள்.

"தங்கச்சி! இரிங்க, இரிங்க. கபூர் சுகமா?"

"சுகம். வெளிநாட்டை விட்டுட்டார். ஊரிலதான் இரிக்கார்." அவள் உட்காரவில்லை. "மூத்தவள்ர கலியாணம் போன மாசம் முடிஞ்சி."

அழகரத்தினத்தின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் புரண்டு விழுந்தது. கலியாணம்! அந்த வீட்டில் கலியாணம்! எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. தன்னை மறந்து முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்கத் தெரியவில்லை.

ஸஹீதா அந்தச் சிரிப்பையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள்.

"கலியாணத்துக்கு உங்களுக்குச் செல்லல்ல. செல்லுவம் எண்டு நான் கேட்டன், அவர் வேணாம் எண்டுட்டார். தம்பி மௌத்தானதுக்குப் பொறகு இஞ்சால ஆரையும் நம்பாம இரிந்த மனிசன், உங்கள ஒராள மட்டும்தான் நம்பிக்கொண்டு இரிந்தார். வாறன் எண்டு செல்லிட்டு வரல்லியே நீங்க. இதக் குடுத்திட்டு, இனி வர வேணாம் எண்டு செல்லச் சொன்னார்."

"தங்கச்சி, நான் என்னத்துக்கு வரல்ல எண்டா…"

புதுமணப்பெண்ணின் தாய் எதிரே நிற்கிறாள். அவளிடமா அந்தச் சாவுப் பேச்சை எடுப்பது? முகத்தில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வேறு இன்னும் முழுதாக அழியவில்லை.

ஸஹீதா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"கார் கையில வந்திட்டெல்லோ. சந்தோசமா இரிங்க," என்றாள்.

அவள் படியிறங்கிப் போனாள். பின்னால் ஓடிப்போய், தங்கச்சி, அது காருக்குச் சிரித்த சிரிப்பில்லை, உங்கள் மகளுக்குச் சிரித்தது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்து, பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்.

"கார்" என்றார் அழகரத்தினம்.